கடலடியில் ஓர் ஒளி மோடம்: மின்கலம் எதில் தீர்கிறது?

பசிபிக் பெருங்கடலின் வடகிழக்கில், ஹுவான் டி ஃபூகா முகட்டின் வட பகுதியில், மிடில் வேலி என்றொரு இடம் இருக்கிறது. அங்கே கடலடித் தரை சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1991-இல் பெருங்கடல் துளையிடல் திட்டத்தின் 139-ஆவது பயணத்தில் அந்தத் தரையைத் துளைத்து, துளையின் வாயை அடைத்து, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஆண்டுக்கணக்கில் அளக்கக் கருவிகள் வைத்தார்கள். இப்படி அடைத்த ஆய்வுத்துளைகளை 'கார்க்' என்று சொல்வது வழக்கம். 857டி என்ற துளை அந்த வகையில் முதன்முதலாக அமைந்தவற்றில் ஒன்று.

அளவீடுகள் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. ஆள் ஏறிச் செல்லும் நீர்மூழ்கியோ, கப்பலிலிருந்து இயக்கும் வாகனமோ அத்தனை ஆழம் இறங்கி, நீருக்குள்ளேயே செருகக்கூடிய இணைப்பியைப் பொருத்தி, தரவை இறக்கிக்கொண்டு, கழற்றிவிட்டு ஏற வேண்டும். அப்படிப்பட்ட வாகனங்கள் உலகில் கொஞ்சம்தான். அவற்றின் நாட்கள் வெகு முன்பே பங்கு போட்டு முடிந்துவிடும்.

2010-இல் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் குழு ஒன்று, நார்மன் ஃபார், மாரிஸ் டைவி முதலியோர் அடங்கியது, 857டி துளையின் மேல் ஒளியும் ஒலியும் சேர்ந்த ஒரு தொடர்புக் கருவியை, அதாவது தரவு அனுப்பும் மோடத்தைப் பொருத்தியது. நீல எல்இடிகள் தரவை ஒளித்துடிப்புகளாக அனுப்பும். எதிர்முனையில், மிக மங்கிய ஒளியையும் மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் அதை வாங்கும். வேகம் விநாடிக்கு 1 முதல் 10 மெகாபிட். எட்டும் தூரம் 100 மீட்டர் அளவில். பின்னர் அதே குழு, சிறப்பு வாகனம் எதுவும் இல்லாத கப்பலிலிருந்து கம்பியில் மோடத்தைத் தொங்கவிட்டே தரவை எடுத்துக் காட்டி, 2013-இல் அதைப் பற்றி எழுதியது. அந்தப் பக்கமாகப் போகிற எந்தக் கப்பலும் தரவை அள்ளி வரலாம் என்பது கடலடி ஆய்வுக்கு மிகப் பெரிய விடுதலை.

இந்தக் கருவியின் வேகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் இங்கே பார்க்கப்போவது மின்சாரக் கணக்கை. கடலடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கணுவுக்கு, அதாவது அளந்து சேமித்து அனுப்பும் கருவித் தொகுதிக்கு, சூரியத் தகடு இல்லை, மின்கம்பி இல்லை. இறக்கும்போது உள்ளே வைத்த மின்கலம் மட்டும்தான். அந்த மின்கலம் எதில் தீர்கிறது? 857டி போன்ற ஒரு கணுவை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரைப் பற்றிய எண்கள் அளந்து வெளியானவை. கருவிகளின் வாட் அளவுகள், கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள். 857டி-யில் இருந்த கருவியின் விவரக்குறிப்பு என்று அவற்றைக் கொள்ள வேண்டாம்.

ஒலியா, ஒளியா

ரேடியோ அலையை முதலிலேயே தள்ளிவிடலாம். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் வைஃபை அலைவரிசை சில சென்டிமீட்டரிலேயே மடிந்துவிடும். 76 ஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலைவரிசை உள்ளே இறங்கும். அமெரிக்கக் கடற்படை 1989 முதல் 2004 வரை நீர்மூழ்கிகளுக்கு அப்படித்தான் செய்தி அனுப்பியது. ஆனால் அதற்குப் பல கிலோமீட்டர் நீள ஆன்டெனா வேண்டும், எழுத்து எழுத்தாக நகரும் வேகம்தான் கிடைக்கும்.

மிஞ்சுவது ஒலி. கடலில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். கிலோமீட்டர் கணக்கில் எட்டும். 2,400 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே கப்பலுக்கே பேசலாம். எதையும் கீழே இறக்கத் தேவையில்லை. இந்த வசதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சரி, செலவு என்ன?

மூன்று உணரிகள், விநாடிக்கு ஓர் அளவீடு, அளவீட்டுக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் சுமார் 380 மெகாபைட் சேரும். பிட் கணக்கில் 300 கோடி. ஒலி மோடம் விநாடிக்கு 5 கிலோபிட் அனுப்புகிறது, அனுப்பும்போது 20 வாட் இழுக்கிறது என்றால், மொத்தத்தையும் அனுப்ப ஏழு நாள் ஆகும். மின்செலவு சுமார் 3,400 வாட்-மணி. கடலடிக் கருவிகளில் வைக்கும் பெரிய லித்தியம் மின்கலம் ஒன்றில், 3.6 வோல்ட், 19 ஆம்பியர்-மணி அளவுள்ளதில், சுமார் 68 வாட்-மணி இருக்கும். ஆக ஓராண்டுத் தரவுக்கு மட்டும் ஐம்பது மின்கலம். அதோடு கப்பல் ஒரு வாரம் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

இதே தரவை 10 வாட் இழுக்கும் ஒளி மோடம் விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் பத்து நிமிடம் போதும். செலவு 1.7 வாட்-மணி. ஒரு பிட்டுக்கு ஆகும் ஆற்றலில் வித்தியாசம் இரண்டாயிரம் மடங்கு. கப்பலிலிருந்து மோடத்தை 2,300 மீட்டர் கீழே இறக்க, நிமிடத்துக்கு 60 மீட்டர் வீதம், சுமார் 40 நிமிடம் ஆகும். ஏற்றவும் அவ்வளவே. அதற்கான மின்சாரமும் எரிபொருளும் கப்பலுடையவை. கணுவின் மின்கலம் அதில் ஒரு துளியும் குறையாது. நான் இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிப்பது இதைத்தான்: செலவைக் குறைத்ததோடு நிற்காமல், செலவைத் தாங்கக்கூடிய பக்கத்துக்கு அதை மாற்றிவிட்டார்கள்.

100 மீட்டர் தாண்டி வருவது எவ்வளவு

நீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிவப்பைச் சீக்கிரம் விழுங்கிவிடும். 450 முதல் 550 நானோமீட்டர் வரையிலான நீலமும் பச்சையும்தான் தூரம் போகும். 1963-இல் சீபர்ட் டன்ட்லி கடலில் ஒளி பரவுவதைப் பற்றி எழுதியதிலிருந்து, நீருக்கடி ஒளித்தொடர்புக்கு இந்தச் சன்னல்தான் அடிப்படை.

ஆனால் இந்தச் சன்னலுக்குள்ளும் நீருக்கு நீர் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும். 1972-இல் தியோடர் பெட்சோல்ட் வெளியிட்ட அளவீடுகளை இன்றும் இத்துறையில் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். பஹாமாஸ் அருகே தெளிந்த கடலில் ஒளி மெலியும் வீதம் மீட்டருக்கு 0.151. கலிஃபோர்னியாவின் கரையோர நீரில் 0.398. சான் டியேகோ துறைமுகத்தில் 2.19. இது அடுக்குக்குறி எண்: ஒவ்வொரு மீட்டரிலும், அதுவரை மிஞ்சிய ஒளி அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் இந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

விளக்கின் ஒளியை இருமடங்காக்கினால் எத்தனை மீட்டர் கூடுதலாக எட்டும்? தெளிந்த கடலில் 4.6 மீட்டர். கரையோரத்தில் 1.7 மீட்டர். துறைமுகத்தில் 32 சென்டிமீட்டர். ஒளி விரிந்து பரவுவதால் வரும் இழப்பைச் சேர்க்காமலே இவ்வளவுதான். எட்டவில்லை என்றால் விளக்கைக் கூட்டு என்பது நிலத்தில் செல்லுபடியாகும் வழி. நீருக்குள் அது மின்கலத்தைக் காலி செய்யும் வழி மட்டுமே.

857டி இருக்கும் இடம் ஆழ்கடல் என்பது பெரிய அனுகூலம். மிகத் தெளிந்த ஆழ்கடல் நீருக்கு வீதம் 0.05 என்று வைத்து 100 மீட்டருக்குக் கணக்கிடுவோம். விளக்கு ஒரு வாட் நீல ஒளியை அரைக்கோளம் முழுக்கப் பரப்புகிறது. 100 மீட்டரில் அந்த அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 63,000 சதுர மீட்டர். வாங்கும் கண்ணாடியின் விட்டம் 5 சென்டிமீட்டர். பரவலால் ஒளி மூன்று கோடியில் ஒரு பங்காகக் குறைகிறது, அதில் நீர் 150-இல் ஒரு பங்கைத்தான் விடுகிறது. கடைசியில் வந்து சேர்வது ஒரு வாட்டின் 500 கோடியில் ஒரு பங்கு.

கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாக எண்ணினால் விநாடிக்கு சுமார் 48 கோடி. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 480 ஃபோட்டான். ஒளிப்பெருக்கிக் குழாய் நீல ஒளியில் நான்கில் ஒன்றைப் பிடித்தாலும் பிட்டுக்கு 120 எலக்ட்ரான் கிடைக்கும். இருட்டுக் கடலில் அது தாராளம். 10 மெகாபிட்டுக்குப் போனால் பிட்டுக்கு 12 எலக்ட்ரான். அதுவும் முடியும், ஆனால் ஓரத்தில் நிற்கிற நிலை. நடைமுறையில் எட்டிய வேகமும் தூரமும் ஏன் அந்த அளவில் நின்றன என்பது இந்த எளிய கணக்கிலேயே புரிந்துவிடுகிறது.

அரைக்கோளம் முழுக்க ஒளியை வாரி இறைக்காமல் ஒரு பாகை அகலக் கற்றையாக அனுப்பினால் என்ன? 100 மீட்டரில் அந்த வட்டத்தின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர்கூட இல்லை. ஒளி 26,000 மடங்கு செறிவாகும். தாளில் பார்த்தால் இதைவிடச் சிக்கனம் கிடையாது. ஆனால் 2,300 மீட்டர் கம்பியில் தொங்கும் மோடம் கப்பலோடு சேர்ந்து ஆடும். அதைக் குறிபார்க்கச் சுழலும் மேடை, தேடும் நேரம், பிடித்ததை விடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு எல்லாம் கணுவின் பக்கத்தில் வேண்டும். அதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் இருக்கும் அசையும் பாகங்களும் வேண்டும். அகலமாக ஒளி பரப்பிய முடிவு அங்கே சரியானது என்றே நினைக்கிறேன். இரண்டு முனையும் அசையாமல் இருக்கும் இடத்தில் லேசர் கற்றை வேறு கதை.

வாங்கும் பக்கத்தில் செய்யும் எந்த முன்னேற்றமும் கணுவுக்கு இலவசம். கண்ணாடியின் விட்டத்தை இருமடங்காக்கினால் நான்கு மடங்கு ஒளி. ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும், அதைக் கப்பல் பக்கமே வைத்துக்கொள்ளலாம். கணுவுக்கு வர வேண்டியது 'அனுப்பு', 'நிறுத்து', 'இந்தப் பகுதியை மறுபடி அனுப்பு' என்ற சில கட்டளைகள்தான். அதற்கு ஒலியோ, கப்பல் பக்கத்துப் பிரகாசமான விளக்கும் கணுவில் ஒளியை உணரும் ஒரு சாதாரண ஃபோட்டோடையோடும் போதும். ஆழத்தில் சூரிய ஒளி இல்லை என்றாலும் இரைச்சல் இல்லாமல் இல்லை. நீர்மூழ்கி வாகனம் கொண்டு எடுத்தால், அதன் சொந்த விளக்குகளே ஒளிப்பெருக்கிக் குழாயைக் குருடாக்கும். விளக்கை அணைக்க வேண்டும், அல்லது நீல அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டி வேண்டும்.

காத்திருக்க ஆகும் செலவு

இப்போது கணக்கின் முக்கியமான வரிக்கு வருகிறேன்.

ஓராண்டுத் தரவை அனுப்ப 1.7 வாட்-மணி. ஆனால் கப்பல் எப்போது வரும் என்று கணுவுக்குத் தெரியாது. அதனால் கணு காத்திருக்க வேண்டும். ஒளி ஏற்பி விழித்தபடியே காத்திருந்தால், வெறும் அரை வாட் இழுத்தாலும், ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் 4,380 வாட்-மணி ஆகிவிடும். அனுப்பும் செலவைப் போல 2,600 மடங்கு. மின்கலக் கணக்கில் அறுபத்து நான்கு. ஒலியை விட்டு ஒளிக்கு வந்ததால் கிடைத்த சேமிப்பு முழுவதும் இங்கே போய்விடுகிறது, அதற்கு மேலும் போகிறது.

ஒளியும் ஒலியும் சேர்ந்த ஏற்பாட்டின் அருமை இங்கேதான் தெரியும். ஒலிக்குத் தூரமும் திசையும் தடையில்லை. ஒரு குறிப்பிட்ட தொனியை மட்டும் கவனிக்கும் சிறு சுற்றைச் சில மில்லிவாட்டில் ஓட்டலாம். கப்பல் வந்து ஒலியில் கூப்பிட்டதும் அது ஒளி மோடத்தை எழுப்பும். 5 மில்லிவாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 44 வாட்-மணி. ஒரே ஒரு மின்கலத்துக்குள் அடங்கிவிடும். ஒளி ஏற்பியையே ஐந்து விநாடிக்கு ஒருமுறை 50 மில்லிவிநாடி மட்டும் விழிக்கவைத்தாலும் சராசரி அதே 5 மில்லிவாட்தான். ஆனால் அப்படிச் செய்தால் கப்பலின் மோடம் ஒளி எட்டும் தூரத்துக்குள் வந்த பிறகுதான் கணு பதில் சொல்லும். ஒலியில் என்றால் கம்பியை இறக்கத் தொடங்கும் முன்பே கணு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். கடலில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஒரு பதில் எத்தனை பெரிய ஆறுதல் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் பாருங்கள், காத்திருக்க 44, பேச 1.7. மொத்தச் செலவில் 96 விழுக்காடு காத்திருப்புக்கே போகிறது. நீருக்கடி ஒளித்தொடர்பில் ஆற்றல் சிக்கனம் என்றதும் பெரும்பாலான ஆய்வு விளக்கையும் துடிப்பு முறையையும் சுற்றியே நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பேசும் கணுவுக்கு அந்த உழைப்பால் பெரிய பலன் இல்லை. விழிப்புச் சுற்றின் மில்லிவாட்டை ஐந்திலிருந்து இரண்டாக்கும் ஒருவர், மற்ற எல்லோரும் சேர்ந்து மிச்சம் பிடிப்பதைவிட அதிகம் மிச்சம் பிடிப்பார்.

கடிகாரத்தை நம்பி ஆண்டு முழுக்க உறங்கி, கப்பல் வரவேண்டிய ஒரு மாதம் மட்டும் விழித்திருக்கலாமே என்று தோன்றும். 44 வாட்-மணி 3.6 ஆகக் குறையும். எண்ணாகப் பார்த்தால் கவர்ச்சிதான். ஆனால் கப்பல் பயணம் தள்ளிப்போவது சகஜம். வானிலை, பழுது, நிதி, எது வேண்டுமானாலும் காரணம் ஆகலாம். அதைவிட, அந்தப் பக்கமாகப் போகிற எந்தக் கப்பலும் தரவை எடுக்கலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஒரு மின்கலத்தை மிச்சம் பிடிக்க அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

துடிப்பும் வேகமும்

அடிக்கடி பேசும் கணு என்றால் கணக்கு மாறும். தானியங்கி வாகனம் ஒன்று தினமும் வந்து பத்து நிமிடம் தரவு எடுக்கிறது என்றால், பேசும் செலவு ஆண்டுக்கு 600 வாட்-மணிக்கு மேல். அங்கே துடிப்பு முறைக்கு மதிப்பு உண்டு.

எளிய முறை, ஒன்று என்றால் விளக்கு எரியும், பூஜ்யம் என்றால் அணையும். சராசரியாகப் பாதி நேரம் எரியும். மாற்று முறை துடிப்பிடப் பண்பேற்றம். காலத்தைப் பதினாறு சிறு கூறுகளாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு கூறில் மட்டும் விளக்கைச் சிமிட்டுவார்கள். எந்தக் கூறில் சிமிட்டியது என்பதே நான்கு பிட் செய்தி. பின்னணி இரைச்சல் மிகுந்த நிலையில், அதே பிழை வீதத்துக்கு இந்த முறையில் தேவைப்படும் சராசரி ஒளி 7.5 டெசிபல் குறைவு. அதாவது ஐந்தரை மடங்கு குறைவு. உச்ச ஒளி 1.4 மடங்குதான் கூடும், எல்இடி அதைத் தாங்கும். இதற்குப் பட்டை அகலம், அதாவது விளக்கு மாறிச் சிமிட்ட வேண்டிய வேகம், நான்கு மடங்கு வேண்டும். விநாடிக்கு 5 மெகாபிட்டுக்கு ஒவ்வொரு கூறும் 50 நானோவிநாடிதான். சாதாரண உயர்திறன் நீல எல்இடிகள் 10, 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஈடுகொடுக்கும் என்பதால் இது எல்லைக்குள்தான். மஞ்சள் பாஸ்பர் பூசிய வெள்ளை எல்இடி இங்கே உதவாது. பாஸ்பர் அணைய நேரம் எடுக்கும், அதன் மஞ்சள் ஒளி நீரில் வீணாகும்.

ஆனால் விளக்கு மட்டுமே மின்சாரம் குடிப்பதில்லை. 10 வாட்டில் 6 விளக்குக்கும் 4 மற்ற மின்சுற்றுக்கும் போகிறது என்றால், விளக்கின் பங்கு 6-இலிருந்து 1-க்குக் குறைந்தும் மொத்தம் 5 வாட் நிற்கிறது. ஐந்தரை மடங்கு என்று தொடங்கியது இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது.

அந்த 4 வாட்டைக் குறைக்க வழி, வேகமாகப் பேசிவிட்டுச் சீக்கிரம் உறங்குவது. அதே 10 வாட்டில் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் ஓராண்டுத் தரவுக்கு 50 நிமிடம், 8.4 வாட்-மணி. 10 மெகாபிட் என்றால் 5 நிமிடம், 0.84. வேகமாகப் பேச வேண்டுமானால் கிட்டே வர வேண்டும். கம்பியை இன்னும் 40 மீட்டர் இறக்கும் கப்பல், கணுவின் மின்கலத்துக்கு மிகப் பெரிய உபகாரம் செய்கிறது. மோடம் தானே சமிக்ஞையின் வலுவைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இருந்தால், இதற்காக யாரும் தனியாகக் கவலைப்படவும் வேண்டாம்.

கரையோரத்துக்குக் கொண்டுவந்தால்

857டி-யில் வென்ற அமைப்பை அப்படியே ஆழமற்ற நீருக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் நிறம். கரையோர நீரில் பாசி நுண்ணுயிர்களும், கரைந்த கரிமப் பொருட்களும் நீலத்தை விழுங்கும். ஒளி அதிகம் கடக்கும் நிறம் பச்சைப் பக்கம் நகரும். ஆனால் பச்சை எல்இடிகள் நீலத்தைவிடத் திறன் குறைந்தவை, ஒரே மின்சாரத்துக்குக் குறைவான ஒளிதான் தரும். ஆகவே எந்த நிறம் தூரம் போகும் என்று மட்டும் பார்க்காமல், மின்கலத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு ஜூலுக்கும் எதிர்முனையில் எத்தனை ஃபோட்டான் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். கிட்டத்தில் நீலமும், தூரத்தில் பச்சையும் ஜெயிக்கும் இடங்கள் உண்டு.

அடுத்து, ஒளிச்சிதறல். பெட்சோல்ட்டின் துறைமுக நீரில் இழப்பு 2.19 என்றால், அதில் உட்கவரப்படுவது 0.37 மட்டும். மீதி 1.82 சிதறல். சிதறிய ஃபோட்டான் அழிந்துபோகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. அகன்ற பார்வைக் கோணமுள்ள ஏற்பி அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். அதனால் கலங்கிய நீரில் உண்மை நிலை மேலே சொன்ன அடுக்குக்குறிக் கணக்கைவிடக் கொஞ்சம் தேவலாம். அதே அகன்ற கோணம் பகல் வெளிச்சத்தையும் உள்ளே விடும் என்பது அதன் விலை. ஆழமற்ற நீரில் இரவில் தரவு எடுப்பது, எந்தக் கருவியும் மாற்றாமல் கிடைக்கும் முன்னேற்றம்.

எப்படிப் பார்த்தாலும் கரையோரத்தில் நகர்வதே மலிவு. வீதம் 0.398 உள்ள நீரில் 30 மீட்டர் தூரத்தை 20 ஆகக் குறைத்தால், பரவலையும் சேர்த்து, வந்து சேரும் ஒளி 120 மடங்கு கூடும். 50 வாட் இழுக்கும் தானியங்கி வாகனம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அந்தப் பத்து மீட்டரைக் கடக்க 500 ஜூல் போதும். விளக்கை 120 மடங்காக்கி அதை ஈடுகட்ட நினைப்பதில் அர்த்தமே இல்லை. 2005-இலேயே எம்ஐடியும் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வும் சேர்ந்து, கணுவுக்குக் கணு வாகனமே போய்க் கிட்டத்திலிருந்து ஒளியில் தரவை எடுக்கும் முறையைக் காட்டின. ஒலி அங்கே அழைப்புக்கும் இடம் கண்டுபிடிக்கவும் மட்டும் பயன்பட்டது. கரையோரக் கணுக்களுக்கு அந்த வடிவமே இன்றும் பொருத்தமானது.

ஆழமற்ற நீரில் இன்னொரு தொல்லை, சில வாரங்களிலேயே ஒளிச் சன்னலின் மேல் பாசியும் சிப்பியும் படிவது. அதைத் துடைக்கத் துடைப்பானோ, புறஊதா விளக்கோ வைத்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். மில்லிவாட் கணக்கில் பேசும் கணுவில், இந்தத் துப்புரவு வேலை தனியாக ஒரு பெரிய வரியாகிவிடும். அதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

இப்படி ஒரு கணுவைக் கட்டப்போகிறவர் முதலில் அளக்க வேண்டியது உறக்க மின்னோட்டத்தை. அதுவும் அறை வெப்பநிலையில் அளந்தால் போதாது. ஆழ்கடலின் அடியில் நீர் 2 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், மின்கலத்தின் கொள்ளளவு அந்தக் குளிரில் குறையும். விழிப்புச் சுற்று, கடிகாரம், நினைவகம், மின்னழுத்தச் சீராக்கி எல்லாவற்றையும் சேர்த்து, அதே குளிரில், அதே மின்கலத்தோடு, சில வாரம் ஓடவிட்டு அளந்த எண்ணைக் கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டும். விளக்கு எத்தனை வாட் என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.